மீண்டும் மாணவரானவர்

சித்தூரை அடுத்த கோலார் மாவட்டத்தின் பெள்ளூரில், 1918-இல் விஷக்காய்ச்சல் பரவிய நாட்களில், நலிந்த குழந்தையாகப் பிறந்தவர் பி.கே.எஸ். ஐயங்கார். தமக்கையின் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரில் யோகம் பயின்று, 1937-இல் புனே சென்றார். அங்கே வறுமை வாட்டிய வேளையில் திருப்பதி வேங்கடவன் கனவில் தோன்றி அரிசிமணிகள் அளித்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1979-இல் நேர்ந்த ஸ்கூட்டர் விபத்துகள் அவரது முதுகையும் தோளையும் முடக்கின. அறுபதைக் கடந்த அவர், பிறருக்குத் தாம் தந்த வார், நாற்காலி, பலகை ஆகியவற்றைத் தாமே பற்றிக்கொண்டு மீண்டும் பயின்றார். உலகப் புகழ்பெற்ற ஆசிரியருக்கு அது எளிதன்று.

ஊர்த்துவ தனுராசனத்தில் முழங்கைகள் வெளியே விலகினால் தோள்கள் தளர்ந்து, பாரமெல்லாம் கீழ்முதுகில் இறங்கும். முழங்கைக்குச் சற்று மேலே, தோளகல வளையமாக மாட்டிய வார் அதைத் தடுக்கும். உடலை வலிந்து இழுப்பதற்கன்று அது. பின்வளைவுகள் மறுபடி கைவர அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன; தொண்ணூறு வயதிலும் பயிற்சியைத் தொடர்ந்த அவர் 2014-இல் மறைந்தார்.