சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில், 1895-ஆம் ஆண்டில், கறுப்பின வக்கீல் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தவர் ஹூஸ்டன். முதல் மகாயுத்தத்தில் படை அதிகாரியாயிருந்தபோது அடைந்த அவமதிப்புகள் அவரைச் சட்டத்தின்பால் செலுத்தின. ஹார்வர்டில் பயின்று, ஹவர்ட் சர்வகலாசாலையில் சட்டம் போதித்தார்.

அவர் நடத்திய ரயில்வே வழக்கைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். அந்நாட்டுத் தென்மாகாணங்களில், என்ஜினில் கரி தள்ளும் பயர்மன் வேலையில் கறுப்பர் பலர் நெடுங்காலம் உழைத்துவந்தனர். வெள்ளையரின் தொழிற்சங்கம் அவர்களைச் சேர்ப்பதில்லை. ஆயினும் பெரும்பான்மையோரின் சங்கமாதலால், அவர்களுக்கும் சேர்த்துக் கம்பெனியாரிடம் பேசும் உரிமையைச் சட்டம் அதற்கே அளித்திருந்தது. அவ்வுரிமையைக் கொண்டே அவர்கள் வேலையைக் குறைக்க 1941-இல் உடன்படிக்கை செய்துகொண்டனர்! ஸ்டீல் என்னும் பயர்மன், தம்மினும் இளைய வெள்ளையரிடம் தம் இடத்தை இழந்தார். அலபாமா நீதிமன்றங்கள் அவரைக் கைவிட்டன. பிறர்க்காகப் பேசும் அதிகாரம் பெற்றோர், அவர்க்குப் பாரபட்சமின்றிப் பேசக் கடமைப்பட்டவர் என உச்ச நீதிமன்றத்தில் வாதித்து, 1944 டிசம்பரில் ஹூஸ்டன் வென்றார். சங்கம் நடத்தும் நமக்கும் இஃது உறைக்கத்தக்கதே. ஆனால், கறுப்பரை அங்கத்தினராகச் சேர்க்குமாறு அத்தீர்ப்புக் கட்டளையிடவில்லை. அக்குறையை நாம் மறைப்பதற்கில்லை.

வேலையில் பாரபட்சத்தை விசாரிக்கும் அரசாங்கக் குழுவிலும் அவர் அமர்ந்தார். கறுப்பரை ஓட்டுநராக ஏற்காத தலைநகர் டிராம் கம்பெனிமீது குழு உத்தரவிடுவதை ஜனாதிபதி ட்ரூமன் தடுக்கவே, 1945-இல் அப்பதவியைத் துறந்தார். 1950 ஏப்ரலில், 54-ஆம் வயதில் காலமானார்.