சிறு கார் சமைத்த சிற்பி: அலெக் இஸிகோனிஸ்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு செயலாளர் பணித்தபோது, வழக்கம்போல் தமிழ்ப் புலவர் ஒருவரின் வரலாற்றையே எழுத எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவன் நம் மகன். அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் தவறியவன், அதைப் பற்றிய கவலை சிறிதுமின்றி, பெங்களூரிலிருந்து வந்த மாமன் வாங்கித் தந்த பிளேஸ்டேஷன் பெட்டியில் ‘கிராண்ட் டூரிஸ்மோ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டில் மூழ்கியிருந்தான். சினத்துடன் அதனை அணைக்கச் சென்ற நாம், திரையைக் கண்டு சற்றே நின்றுவிட்டோம். பெரிய பெரிய கார்களுக்கு நடுவே, தீப்பெட்டி போன்ற கார் ஒன்று வளைவுகளில் அவற்றையெல்லாம் முந்திக்கொண்டு ஓடிற்று. 1965-ஆம் ஆண்டின் மினி கூப்பர் எஸ் என்று அதன் பெயர் காட்டப்பட்டிருந்தது. இத்துணைச் சிறிய வண்டியைச் சமைத்தவர் யாவர் என்று அறிய விழைந்து, கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தோம். அவ்வாறு அறிந்த ஒருவரின் வாழ்வே இக்கட்டுரை.

அலெக் இஸிகோனிஸ் 1906-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், அந்நாளில் துருக்கிய சுல்தானின் ஆட்சியில் இருந்த ஸ்மிர்னாத் துறைமுக நகரில் பிறந்தார். இன்று அந்நகர் இஸ்மிர் எனப்படுகிறது. தந்தை கான்ஸ்டன்டைன் கிரேக்க இனத்தவர். கப்பல் எந்திரங்களைச் செப்பனிடும் தொழிற்சாலை நடத்தியவர். தாய் ஹுல்டா, ஜெர்மனியின் பவேரியா நாட்டு வழியினர். கிரேக்கருக்கும் ஜெர்மானியருக்கும் பிறந்து துருக்கியில் வளர்ந்த பிள்ளை பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றது எவ்வாறு? ரயில்வே அன்பர்கள் இவ்விடத்தைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டுகிறோம். பாட்டனார் டெமாஸ்தனீஸ், பாரோஸ் என்னும் கிரேக்கத் தீவிலிருந்து ஸ்மிர்னாவுக்குப் பிழைக்க வந்தவர். ஸ்மிர்னாவிலிருந்து அய்தீன் நகருக்கு ஆங்கிலேயர் இருப்புப்பாதை அமைத்தபோது அவர் அதற்குப் பணி செய்தார். அத்தொண்டின் பயனாகவே அக்குடும்பத்துக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை கிட்டிற்று.

அந்தக் காகிதத்தின் மதிப்பு 1922-ஆம் ஆண்டு செப்டம்பரில் தெரிந்தது. கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் நடந்த போரின் முடிவில் துருக்கிப் படை ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தது. நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. துறைமுகக் கரையில் எண்ணற்ற மக்கள் கப்பலுக்காகக் கதறி நின்றனர். பிரிட்டிஷ் குடிகளாதலின் இஸிகோனிஸ் குடும்பத்தாருக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. வீடும் தொழிற்சாலையும் கைவிட்டுப் போயின. மால்டாத் தீவை அடைந்த பின் நெடுநாள் கழியுமுன்னரே தந்தையும் காலமானார். 1923-இல் தாயும் மகனும் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தனர். சொந்த ஊர் இருக்கும் திசையை நோக்கி ஏங்கும் நாமெல்லாம், நினைத்தால் விடுமுறையில் பாஸ் எடுத்துக்கொண்டு சென்று வரலாம். அவ்விருவருக்கோ திரும்பிச் செல்ல ஊரே இல்லை.

லண்டனில் பாட்டர்சீ பாலிடெக்னிக்கில் எந்திரப் பொறியியல் பயிலத் தொடங்கினார். வரைபடம் அவருக்குக் கைவந்த கலை. கணிதமோ கைகொடுக்கவில்லை. ஒருமுறையன்று, மும்முறை அத்தேர்வில் தோற்றார். பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திக்கொண்ட நமக்கு இச்செய்தி ஆறுதலாக இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் இதனை மகனிடம் சொல்லலாமா, கூடாதா என்று இரண்டு நாள் மனத்துள் போராடினோம். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றே தீர்ப்பாயிற்று.

சிறு நிறுவனம் ஒன்றிலும், பின்னர் ஹம்பர் நிறுவனத்திலும் பணியாற்றி, 1936-இல் ஆக்ஸ்போர்டு அருகே கௌலியில் இருந்த மாரிஸ் கம்பெனியில் சேர்ந்தார். விடுமுறை நாள்களில் நண்பர் ஜார்ஜ் டௌசனுடன் கூடி, ‘லைட்வெயிட் ஸ்பெஷல்’ என்னும் பந்தயக் காரைத் தம் கையாலேயே செய்து ஓட்டினார். எடையைக் குறைப்பது எவ்வாறு, சக்கரத்தை ரப்பரால் தாங்குவது எவ்வாறு என்பனவற்றை அவர் கற்ற பள்ளி அதுவேயாகும்.

போர்க் காலத்திலேயே உருவாகத் தொடங்கிய அவருடைய மாரிஸ் மைனர் 1948-இல் வெளிவந்தது. செய்து முடித்த மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றவே, அதனை நெடுக்கில் இரண்டாக அறுத்து, இடையில் நான்கு அங்குலம் அகற்றிப் பார்த்து, அதுவே அழகு என முடிவு செய்தார். முதலாளி நபீல்டு பிரபுவுக்கு அவ்வண்டி பிடிக்கவில்லை. அதன் வடிவத்தை முட்டையோடு ஒப்பிட்டு எள்ளினார். அந்த முட்டைதான் 10 லட்சம் என்னும் எண்ணைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் காராயிற்று. நம் நாட்டிலும் உத்தரபாராவில் தொழிற்சாலை வைத்திருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதனை ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்னும் பெயரில் விற்றது. பின்னர் அங்கிருந்தே வந்து, 2014 வரை உற்பத்தியாகி, நம் அதிகாரிகளைச் சுமந்த அம்பாசடரும் மாரிஸ் குலக்கொழுந்தே.

1956-இல் சூயஸ் கால்வாய்ச் சிக்கல் எழுந்தது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மக்கள் மூன்று சக்கரக் குமிழிக் கார்களை நாடினர். மாரிஸும் ஆஸ்டினும் இணைந்த பி.எம்.சி. நிறுவனத்தின் தலைவர் லெனார்டு லார்டுக்கு அக்குமிழிகளைக் கண்டால் ஆகாது. அவற்றைச் சாலையிலிருந்தே விரட்டும் உண்மையான சிறு கார் ஒன்று வேண்டுமென்று 1957-இல் இஸிகோனிஸுக்குக் கட்டளையிட்டார். எஞ்சின் மட்டும் கைவசமுள்ள பழையதாக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை.

பத்தடி நீளம், அதற்குள் நால்வரும் மூட்டைகளும் அடங்க வேண்டும். சரக்கு வாகனில் இடம் கணக்கிட்டுப் பழகிய நமக்கு இதன் அருமை புரிகிறது. நெடுக்காக வைக்கும் எஞ்சினை அவர் குறுக்காகத் திருப்பினார். கியர்ப்பெட்டியை எஞ்சினின் அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைத்தார். எஞ்சின் முன்சக்கரங்களையே இழுக்குமாறு செய்ததால், பின்பக்கம் நீளும் தண்டு வேண்டாதொழிந்தது. டன்லப் நிறுவனத்திடம் 10 அங்குலச் சக்கரம் செய்வித்தார். உருக்குச் சுருளுக்கு மாற்றாக, அலெக்ஸ் மௌல்டன் வகுத்த ரப்பர்க் கூம்புகள் வண்டியைத் தாங்கின. இவ்வாறு வண்டியின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மனிதருக்கும் மூட்டைக்கும் கிடைத்தது. சக்கரங்கள் நான்கும் நான்கு மூலையில் நின்றமையால் வளைவில் அது கவிழாமல் ஒட்டிக்கொண்டு ஓடிற்று. நம் மகன் திரையில் கண்டு மகிழும் வித்தை இதுவே.

1959 ஆகஸ்டு 26-ஆம் நாள் மினி வெளிவந்தது. 848 சி.சி. எஞ்சின், விலை 500 பவுனுக்கும் குறைவு. குறையே இல்லாத வண்டி என்று நாம் கூறமாட்டோம். முதல் ஆண்டு வண்டிகளில் தரை வழியே மழைநீர் புகுந்தது. மின்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்வாயிலுக்கு நேரே இருந்தமையால் பெருமழையில் நனைந்து எஞ்சின் நின்றுவிடும். விலையை மிகக் குறைத்து நிர்ணயித்தனர் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அது சிற்பியின் பிழையன்று. வசதிகளை அவர் வெறுத்தார் என்பதும், ரேடியோவுக்கு இடம் வைக்கவில்லை என்பதும் உண்மை.

இதில் வியப்பு யாதெனில், பந்தயக்கார் செய்து ஓட்டிய இவர், மினியைப் பந்தயத்துக்கு அனுப்ப முதலில் மனம் ஒப்பவில்லை. இது சாமானியரின் வண்டி என்பதே அவர் கருத்து. நண்பர் ஜான் கூப்பர் நிறுவனத்தாரிடம் பேசி இணங்கச் செய்தார். 1961-இல் மினி கூப்பர் பிறந்தது. 1964-இல் பாடி ஹாப்கிர்க், பனி மலைப்பாதைகளில் நடக்கும் மாண்டி கார்லோ பந்தயத்தில் 37 என்னும் எண்ணிட்ட மினியை ஓட்டி வென்றார். மறு ஆண்டு டிமோ மாக்கினென் வென்றார். 1966-இல் முதல் மூன்று இடங்களையும் மினிகளே பெற்றும், முகப்பு விளக்கு விதிப்படி இல்லையென்று அவற்றை நீக்கினர். 1967-இல் ரவுனோ ஆல்டோனென் மீண்டும் வென்று காட்டினார்.

இஸிகோனிஸ் மணம் புரியவில்லை. அகதியாகக் கூட வந்த அன்னையைத் தம்முடனேயே வைத்துக் காத்தார். 1969-இல் சர் பட்டம் கிடைத்தது. ஆயினும் முந்தைய ஆண்டு அமைந்த பிரிட்டிஷ் லேலண்டில் அவர் சொல்லுக்குப் பழைய செல்வாக்கு இல்லை. 1971-இல் ஓய்வு பெற்றபோது பெரிய மெக்கானோ விளையாட்டுப் பெட்டி ஒன்றைப் பரிசாகத் தந்தனர். 1988 அக்டோபர் 2-ஆம் நாள் பர்மிங்ஹாமில் காலமானார். அவர் வடித்த மினி 2000-ஆம் ஆண்டுவரை, 53 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியாயிற்று.

இவ்வளவும் படித்தபின், கணிதத் தோல்வியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மகனிடம் கூறினோம். திரையில் அப்போது மழை. குட்டிக் கார் நீரைக் கிழித்துக்கொண்டு விரைந்தது. உண்மையான வண்டியாயின் இம்மழையில் நின்றிருக்கும் என்றோம். அவன் நம்பவில்லை.