அண்ணல் அம்பேத்கரும் அரசின் வரவு செலவுத் திட்டமும்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வரலாற்றை அறியாதார் நம்மிடையே இலர். மகாத் குளப் போராட்டமும், வட்டமேசை மாநாடும், அரசியலமைப்புச் சட்டமும் நம் சிறுவர்க்கும் தெரிந்த செய்திகளே. ஆயினும், அப்பெருமகனார் பொருளியல் பேரறிஞர் என்பதும், அரசின் ஆண்டுக் கணக்கைத் துருவி ஆராய்ந்து, கல்விக்கும் தொழிலாளர் நலத்திற்கும் உடல்நலத்திற்கும் உரிய பங்கைக் கேட்டுப் பெற்றவர் என்பதும் பலர் நினைவில் நிற்பதில்லை. கல்விப் பணிக்கென்றே தோன்றி இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துள்ள நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில், அவர்தம் வாழ்வின் இப்பகுதியை மட்டும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

இளமையும் கல்வியும்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைநகரில் அவர் பிறந்தார். தந்தையார் இராம்ஜி படையில் சுபேதாராக விளங்கியவர். பள்ளியில் மற்ற மாணவரோடு சேர்ந்து அமரவும், தாகத்திற்குத் தாமே நீர் மொண்டு குடிக்கவும் சிறுவர் பீமராவ் அனுமதிக்கப்படவில்லை. பம்பாயில் பட்டம் பெற்றபின், பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையால் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார்.

அங்கு அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள், ஆங்கில ஆட்சியில் இந்திய மாகாணங்களின் நிதி வளர்ந்த வரலாறாகும். மக்களிடம் திரட்டிய வரிப்பணம் எவ்வாறு மத்திய அரசிடம் குவிந்தது, அதிலிருந்து மாகாணங்களுக்குப் பங்கு எம்முறையில் வழங்கப்பட்டது என்பதை ஆண்டுவாரியாக அவர் ஆராய்ந்தார். அந்நூல் 1925இல் இலண்டனில் வெளியாயிற்று. அதற்கு முன்னரே, 1923இல், ரூபாய் நாணயம் பற்றிய ஆய்வுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியிருந்தது. ஒரு மன்னரின் கொடை ஒரு மாணவரை உயர்த்தியது. அத்தகைய உதவி ஆயிரக்கணக்கான ஏழை மாணவர்க்குக் கிட்ட வேண்டுமாயின், அரசின் கருவூலம் திறந்தாக வேண்டும். கருவூலத்தைத் திறக்கும் வழியைக் கற்றவராகவே அவர் தாயகம் திரும்பினார்.

பம்பாய்ச் சட்டமன்றத்தில்

1927ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நியமன உறுப்பினராக அவர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். அக்காலச் சட்டமன்றத்தின் அதிகாரம் குறுகியது. நிதி உறுப்பினர் ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பார். பின்னர் ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை வரும். உறுப்பினர்கள் அதனை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம்; ஒரு ரூபாயும் கூட்டிக் கேட்க இயலாது. கல்வித்துறை இந்திய அமைச்சரிடம் இருந்தது; நிதித்துறையோ ஆளுநரின் நிர்வாகக் குழுவினரிடம் இருந்தது. ஆகவே, பள்ளிக்குப் பணம் வேண்டுவோர் வாதத்தின் வலிமையால்தான் அதனைப் பெறுதல் கூடும்.

பிப்ரவரி 24ஆம் நாள் அண்ணல் வரவு செலவுத் திட்டத்தின்மீது உரையாற்றினார். சிறு வருவாயினர்க்கு வருமான வரியில் விலக்கு உண்டு. சிறு உழவனுக்கு நிலவரியில் அத்தகைய விலக்கு இல்லையே என்று அவர் எடுத்துக்காட்டினார். மார்ச்சு 12ஆம் நாள் கல்வி மானியம் விவாதத்திற்கு வந்தது. அம்மாகாணத்தில் ஆள் ஒன்றுக்குக் கல்விக்காகச் செலவாவது 14 அணா. மதுவரியாக மக்களிடமிருந்து பெறுவதோ ஆள் ஒன்றுக்கு 2 ரூபாய்க்கும் மேல். மதுவால் வரும் தொகையளவேனும் கல்விக்குச் செலவிடல் முறை என்று அவர் வாதிட்டார். அன்றைய வேகத்தில் கல்வி பரவினால், பள்ளி வயதுச் சிறுவர் அனைவரும் கல்வி பெற 40 ஆண்டுகளும், சிறுமியர் அனைவரும் கல்வி பெற 300 ஆண்டுகளும் ஆகும் என்னும் கணக்கையும் அவையின்முன் வைத்தார். கட்டண உயர்வால் கல்வி வாணிகப் பொருளாகிவிடும் என்று எச்சரித்தார்.

1928இல் ஆலைத் தொழில் செய்யும் பெண்களுக்குப் பேறுகால உதவி வழங்கும் மசோதா வந்தபோது அதனை அவர் ஆதரித்தார். தாயின் நலம் நாட்டின் நலமாதலின், அச்செலவில் பெரும்பங்கை அரசே ஏற்றல் தகும் என்பது அவர் கருத்து. அச்சட்டம் 1929இல் நிறைவேறிற்று.

தொழிலாளர் துறைப் பொறுப்பில்

1942 சூலைத் திங்களில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை அவர் ஏற்றார். கேட்கும் இடத்திலிருந்தவர் கொடுக்கும் இடத்திற்கு வந்தார். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் சென்று தொழிலாளர் நிலையைக் கண்டார். அடுத்த ஆண்டில் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் பிறந்தது. வெளியேறும் நிலக்கரியின்மீது டன் கணக்கில் ஒரு சிறு தீர்வை விதித்து, அத்தொகையைத் தொழிலாளரின் குடியிருப்பு, மருத்துவம், கல்வி ஆகியவற்றிற்கே செலவிடும் ஏற்பாடு அது. அவர் பொறுப்பிலிருந்த காலத்திலேயே தொழிலாளர் உடல்நலக் காப்பீடு பற்றிய அடார்கர் அறிக்கை 1944இல் அளிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்திற்கு அதுவே அடிப்படையாயிற்று.

நம் மக்கள் என்றும் நன்றியுடன் நினைக்கத்தக்க செயல் ஒன்று உண்டு. 1942 அக்டோபர் 29ஆம் நாள், தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து வைசிராய்க்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். அலிகார், காசிப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வீதம் வழங்கி வருவதைச் சுட்டி, தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கும் அவ்வாறே ஒதுக்குமாறு கோரினார். அரசு இசைந்தது. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, 1944இல் உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. நம் பிள்ளைகள் பள்ளியிறுதிக்குப் பின்னர் பெறும் கல்வி உதவித்தொகையின் ஊற்றுக்கண் அதுவே.

அரசியலமைப்புச் சட்டத்தில்

1949 சூன் திங்களில் அரசியல் நிர்ணய சபையில் நிதி பற்றிய பிரிவுகள் வந்தன. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி, செலவுப் பட்டியலைத் தலைமை ஆளுநர் கையொப்பமிட்டு உறுதி செய்தால் போதும். அம்முறையை நீக்கி, நாடாளுமன்றமே நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்ற வேண்டும் என்னும் விதியை அண்ணல் கொண்டுவந்தார். மக்களவை மானியக் கோரிக்கைக்கு இசைவு தந்து, அதன்பின் ஒதுக்கீட்டுச் சட்டமும் நிறைவேறினாலன்றி, தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசும் எடுத்தல் இயலாது. மாநிலங்களுக்கும் இம்முறையே. செலவைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கடமை, நீதிமன்றத்தின் கடமையினும் முதன்மையானது என்று அவர் கருதினார். ஒதுக்கிய பணம் உரிய இடம் சேர்ந்ததா என்று காணாவிடில் ஒதுக்கீடு வெறும் எழுத்தாகவே நின்றுவிடுமன்றோ!

1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் தில்லியில் மறைந்தார்.

நம் கடமை

அவர் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று. உரிமையைச் சட்டம் வழங்கும். அதற்கு உயிர் கொடுப்பது ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பணம். ஓராண்டின் ஒதுக்கீடு அவ்வாண்டிற்கே உரியது. மார்ச்சு 31க்குள் செலவாகாத தொகை கருவூலத்திற்கே மீளும். அடுத்த ஆண்டு மீண்டும் கேட்க வேண்டும். உதவித்தொகை காலந்தாழ்ந்து வந்தமையால், படிப்பைப் பாதியில் விட்டுக் கூலி வேலைக்குச் சென்ற மாணவர் சிலரை எம் ஆசிரியப் பணியில் கண்டு வருந்தியுள்ளோம். பட்டியலில் பணம் இருந்தது. மாணவன் கைக்கு உரிய நாளில் வந்திலது.

ஆதலின் நம் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் தமிழகச் சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறைக்கான மானியக் கோரிக்கையும், அதனுடன் கொள்கை விளக்கக் குறிப்பும் வைக்கப்படுகின்றன. அவற்றை வாங்கிப் படியுங்கள். விடுதிக்கு எவ்வளவு, உதவித்தொகைக்கு எவ்வளவு, சென்ற ஆண்டு செலவானது எவ்வளவு என்று குறித்துக் கொள்ளுங்கள். தொகுதி உறுப்பினரிடம் அக்கணக்கோடு சென்று கேளுங்கள். அண்ணலின் படத்திற்கு மாலை சூட்டும் கைகள், அவர் துருவிப் பார்த்த கணக்கேட்டையும் புரட்டிப் பார்க்கட்டும். நம் கழகம் வளர்க! கல்வி ஓங்குக!