இசைத்தட்டின் புரவலர் ஜெயசாமராஜ உடையார்

சேது நாட்டில் புரவலர் என்னும் சொல் எழுந்தவுடன் பாஸ்கர சேதுபதியின் பெயரும் பாண்டித்துரைத் தேவரின் பெயரும் உடன் வரும். விவேகானந்தரின் 1893ஆம் ஆண்டுச் சிகாகோப் பயணத்திற்குத் துணைநின்ற மன்னருள் சேதுபதி ஒருவர். 1897 சனவரியில் சுவாமிகள் பாம்பனில் இறங்கியபோது அவர் எதிர்கொண்டு அழைத்த காட்சியை இக்கடற்கரை மறக்கவில்லை. அதே பயணத்திற்குத் துணைநின்ற இன்னொரு மன்னர் மைசூரை ஆண்ட பத்தாம் சாமராஜ உடையார் என்பது இங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருடைய பேரர் ஒருவர், பாட்டனாரைப் போலவே, கடல் கடந்த ஒரு காரியத்திற்குப் பொருள் கொடுத்தார். பாட்டனாரின் கொடை இந்தியரின் குரலை மேலைநாட்டிற்கு அனுப்பியது. பேரனின் கொடையோ, மேலைநாட்டார் கேளாது விட்ட ருஷ்ய இசையை அவர்கள் செவிக்கே மீட்டுத் தந்தது.

ஜெயசாமராஜ உடையார் 1919 சூலை 18ஆம் நாள் பிறந்தார். தந்தை யுவராசர் கண்டீரவ நரசிம்மராஜ உடையார். பெரிய தந்தை அப்போது அரியணையில் இருந்த நான்காம் கிருஷ்ணராஜ உடையார். பெரிய தந்தையார் பல கருவிகளை வாசிக்க வல்லவர். அவரது அரண்மனையில் கருநாடக இசைக் குழுவும் மேலை இசைக் குழுவும் அருகருகே வளர்ந்தன. மேலைக் குழுவைப் பயிற்றிய ஓட்டோ ஷ்மிட் என்பவர் ஜெர்மானியர். ஒரு கூடத்தில் வீணையும் அடுத்த கூடத்தில் பியானோவும் ஒலித்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, இரண்டில் எது அந்நியம் என்று எவரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

அவ்வரண்மனையின் கருநாடக இசைக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவும் குறிக்கத் தக்கது. மைசூர் வாசுதேவாச்சாரியார் அரண்மனையின் உதவித்தொகை பெற்றுத் திருவையாற்றுக்கு வந்து பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்றவர். அதே ஐயரின் மாணவரே நம் சமஸ்தானத்தின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய பூச்சி சீனிவாச ஐயங்கார். ஐயங்கார் மறைந்த 1919ஆம் ஆண்டிலேதான் உடையார் பிறந்தார். பின்னாளில் வாசுதேவாச்சாரியாரே உடையாருக்குக் கீர்த்தனை இயற்றும் நுட்பங்களைக் காட்டினார். ஆக, இராமநாதபுரமும் மைசூரும் இசையில் ஒரே ஆசிரியரின் இரு கிளைகள். அந்த ஆசிரியர் படைத்த கதனகுதூகல இராகத்தில் மேலைநாட்டு வாத்திய நடை துள்ளுவதைக் கேட்டவர்கள், இக்கிளையில் பிறந்த ஒருவர் ருஷ்ய இசைக்குச் செவிசாய்த்ததை வியப்பாகக் கொள்ளமாட்டார்கள்.

இளமையில் உடையாரின் ஆசை அரியணை அன்று. மேடையேறிப் பியானோ வாசிக்கும் கலைஞராக வேண்டும் என்பதே அது. மைசூர் மகாராஜா கல்லூரியில் 1938இல் பல பதக்கங்களுடன் பட்டம் பெற்றார். 1939இல் ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். இலண்டன் கில்டுஹால் இசைப் பள்ளியின் பட்டயமும், 1945இல் டிரினிட்டி இசைக் கல்லூரியின் மதிப்புறு உறுப்பினர் என்னும் சிறப்பும் அவரை அடைந்தன. ஆனால் வாழ்க்கை வேறு வழியில் திரும்பியிருந்தது. 1940 மார்ச்சில் தந்தை மறைந்தார். ஆகஸ்டில் பெரிய தந்தையும் மறைந்தார். அதே செப்டம்பரில், இருபத்தோரு வயதில், மைசூரின் மன்னரானார். மணிமுடி சூடியவர் சீட்டு விற்கும் அரங்கில் பியானோ முன் அமர்வதற்கில்லை. தான் வாசிக்க முடியாது போனதைப் பிறர் வாசிக்க, அதைத் தட்டில் பதித்துவைக்கும் வேலையை அதன்பின் அவர் எடுத்துக்கொண்டார். அவருடைய இசைக்கொடையை வெறும் அரச பொழுதுபோக்காக எண்ணுவோர் இந்த இழப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

இசைத்தட்டு அந்நாளில் எப்படிப்பட்ட பொருள் என்பதைச் சற்றே விளக்குவது நலம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் கரிய தட்டு; பன்னிரண்டு அங்குல அகலம்; ஒரு பக்கத்தில் நாலரை நிமிட இசைதான் கொள்ளும். அதன் உடல் அரக்கு. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றது. நாற்பது நிமிடம் நீளும் ஒரு சிம்பொனிக்கு ஐந்து தட்டுகளேனும் வேண்டும். கேட்பவர் ஒன்பது முறை எழுந்து தட்டைப் புரட்டவோ மாற்றவோ வேண்டும். வாசிப்போர் நிலை இன்னும் கடினம். அறுபது எழுபது பேர் கொண்ட பல்லியம் நாலரை நிமிடம் பிழையின்றி வாசிக்க வேண்டும். இறுதி நொடியில் ஒரு கொம்பு பிசகினாலும் அந்தப் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து வாசித்தாக வேண்டும். இத்தனை செலவும் உழைப்பும் கேட்கும் பண்டத்தை விற்பனை உறுதியில்லாமல் எந்தக் கம்பெனியும் செய்யாது.

எனவே கம்பெனிகள் ருஷ்ய இசையில் விற்பனையானவற்றையே மீண்டும் மீண்டும் பதித்தன. சைக்கோவ்ஸ்கியின் பீரங்கி முழங்கும் 1812 முன்னிசை, ரிம்ஸ்கி-கோர்சகோவின் ஷெகரசாத், முசோர்க்ஸ்கியின் மொட்டை மலை இரவு, போரோதினின் போலவெட்சிய நடனங்கள் ஆகியவை பல்லியத்தின் வண்ணத்தையும் வலிமையையும் ஒருசேரக் காட்டும் காட்சிப்பொருள்கள். அவற்றைத் தாழ்த்துவதற்கில்லை, நல்ல இசைதான். ஆனால் ஒரு மொழியின் இலக்கியத்தைப் பள்ளிப் பாடநூலில் வரும் பத்துச் செய்யுளால் அளப்பதுபோல, அவற்றைக் கொண்டே ருஷ்ய இசை முழுவதும் அளக்கப்பட்டது. ரிம்ஸ்கி, முசோர்க்ஸ்கி, போரோதின் மூவரையும் ஒன்றுகூட்டி வழிகாட்டிய பாலகிரெவ் 1864இல் தொடங்கி 1897இல் முடித்த முதல் சிம்பொனி, முப்பத்துமூன்று ஆண்டுப் படைப்பு, தட்டேறாமல் கிடந்தது.

பாலகிரெவாவது காலமாகிவிட்டவர். நிகலாய் மெட்னர் உயிரோடிருக்கும்போதே மறக்கப்பட்டார். 1880இல் மாஸ்கோவில் பிறந்து, புரட்சிக்குப்பின் 1921இல் நாட்டை விட்டு வெளியேறி, ஜெர்மனியிலும் பிரான்சிலும் அலைந்து, 1930களின் நடுவில் இலண்டனில் குடியேறியவர். ரக்மானினோவ் தம் நான்காம் பியானோ கான்செர்ட்டோவை இவருக்கு உரிமையாக்கினார். இவர் தம் இரண்டாம் கான்செர்ட்டோவை ரக்மானினோவுக்கு உரிமையாக்கினார். அத்தகைய மதிப்புடையவருக்குப் போர்க்காலத்தில் ஜெர்மன் பதிப்பாளரிடமிருந்து வரவேண்டிய வருவாயும் நின்றது. 1942இல் மாரடைப்பும் வந்தது. அவருடைய இசை மேலோட்டமாகக் கேட்பவர்க்குப் பிடிகொடாது. நம் பழைய உரையாசிரியர்களின் வாக்கியம்போல ஒன்றனுள் ஒன்று பொதிந்தது. கூட்டம் கைதட்டும் இடம் அதில் குறைவு.

இந்த மெட்னரைத்தான் ஐயாயிரம் மைலுக்கு அப்பால், சாமுண்டி மலையடியில் இருந்த இளம் மன்னர் தேடிப் பிடித்தார். இலண்டனிலிருந்த மைசூர் அரசின் வணிக அலுவலர் வழியாகச் செய்தி சென்றது. மெட்னரின் படைப்புகளை அவரையே வாசிக்கச் செய்து பதிவதற்கென மெட்னர் சங்கம் என்ற அமைப்பு மன்னர் பொருளில் உருவாயிற்று. பியானோவும் பல்லியமும் எதிர்நின்றும் இணைந்தும் வாசிக்கும் கான்செர்ட்டோ மூன்றும் 1947இல் பில்ஹார்மோனியா பல்லியத்துடன் பதிவாயின. முதலாவதற்கு ஜார்ஜ் வெல்டனும் மற்ற இரண்டிற்கும் இசாய் தோப்ரோவனும் நடத்துநர்கள். மெட்னருக்கு அப்போது வயது அறுபத்தேழு, இதயம் நலிந்திருந்தது. நாலரை நிமிடத் துண்டுகளாக வாசித்து வாசித்து அவர் அதை முடித்தார். பின்பு பாடல்களும் பதிவாயின. பாடியவர்களுள் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் ஒருவர். தம் மூன்றாம் கான்செர்ட்டோவை மெட்னர் மைசூர் மன்னருக்கே உரிமையாக்கினார். 1951 நவம்பரில் அவர் இலண்டனில் காலமானபோது அவர் கைவிரல்களின் ஒலி மூன்று தொகுதித் தட்டுகளில் இருந்தது.

பில்ஹார்மோனியா பல்லியமும் மன்னரின் துணையால் நிமிர்ந்ததே. 1945இல் அதைத் தொடங்கிய வால்டர் லெக் என்ற இசைத்தட்டுக் கம்பெனி அலுவலர் மைசூருக்கு வந்து சில வாரங்கள் தங்கினார். அரண்மனையின் இசைத்தட்டு நூலகத்தையும் ஒலிபெருக்கி வரிசையையும் பெரும் பியானோக்களையும் கண்டு மலைத்ததை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்குத் தர மன்னர் இசைந்தார் என்பதும் அவர் தரும் செய்தியே. அன்றைய மாற்று விலையில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,33,000 ரூபாய். பில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவரும் மன்னரே. கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. இன்ன படைப்பைப் பதிய வேண்டும் என்று கேட்கும் தெளிவும் அவரிடம் இருந்தது. அவர் விரும்பியவற்றுள் பாலகிரெவின் அந்தச் சிம்பொனி ஒன்று; பிரெஞ்சுக்காரர் ரூசலின் நான்காம் சிம்பொனி மற்றொன்று. 1949இல் ஹெர்பர்ட் ஃபான் காராயன் இரண்டையும் பில்ஹார்மோனியாவைக் கொண்டு பதிந்தார். பின்னாளில் உலகப் புகழ் எய்திய அந்த நடத்துநர் பாலகிரெவைத் தொட்டதற்கு மைசூர் மன்னரின் செவியே காரணம் என்பதை அத்தட்டை வாங்கியோரில் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

இவ்விடத்தில் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. மெட்னர் இலண்டனில் வாசித்துக்கொண்டிருந்த அதே 1947இல் மைசூர் மக்கள் பொறுப்பாட்சி கேட்டு அரண்மனை நோக்கிக் கிளர்ந்தனர். செப்டம்பரில் எழுந்த கிளர்ச்சி அக்டோபரில் கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை அமைவதில் முடிந்தது. உழுகுடியின் வரியில் வளர்ந்த செல்வம் அயல்நாட்டுப் பல்லியத்துக்குப் போகலாமா என்று கேட்டால் எளிதில் விடை கூற இயலாது. சேதுபதிகளின் கொடை பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். அவர்தம் கடன்சுமையை அறிந்தவர்கள் கேட்டும் இருக்கிறார்கள். உடையார் தம் நாட்டார் மொழியை மறந்து அயலிசைக்கு அள்ளிக் கொடுத்தவர் அல்லர் என்பதை மட்டும் உடன் சொல்ல வேண்டும். வடமொழி நூல்களைக் கன்னடத்தில் பெயர்த்து வெளியிடும் வரிசை அவர் பெயரால் நடந்தது. இருக்கு வேதம் மட்டுமே அதில் 35 பகுதிகளாக வந்தது.

மன்னர் பதவி இராஜப்பிரமுகராயிற்று, 1956இல் ஆளுநராயிற்று. மேலை இசையில் ஊறியவர் இதனிடையே கருநாடக இசையில் ஆழ்ந்து, ஸ்ரீவித்யா முத்திரையுடன் 94 கீர்த்தனைகள் இயற்றினார். அருகி வழங்கும் இராகங்களைத் தேடி எடுத்திருப்பதைப் பார்க்கும்போது, எவரும் தொடாததைத் தொடும் அதே மனம் இங்கும் வேலை செய்தது தெரிகிறது.

1964 மே மாதம் அவர் சென்னை மாநில ஆளுநராக வந்தார். அவ்வாண்டு டிசம்பர் 22 இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு ரயிலைக் கடல் கொண்டது. பாம்பன் பாலம் சிதைந்தது. அடுத்த சனவரியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் மாநிலமே கொதித்தது. இந்த இரண்டிற்கும் நடுவே கிண்டி மாளிகையில் இருந்த ஆளுநர் பாலகிரெவையும் மெட்னரையும் அறிந்தவர் என்பதை எண்ணிப் பார்க்க அன்று எவர்க்கும் நேரமில்லை. அவருடைய ஆசிரியர் வாசுதேவாச்சாரியார் சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் பல்லாண்டு கற்பித்து 1961இலேயே மறைந்துவிட்டார். 1966இல் சங்கீத நாடக அகாதெமி உடையாருக்குத் தன் உயர்மதிப்பு உறுப்பினர் சிறப்பை அளித்தது. அவ்வாண்டு சூனில் சென்னைப் பதவியும் முடிந்தது. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தது. 1974 செப்டம்பர் 23ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில், பெங்களூரில் காலமானார்.

மெட்னரின் தட்டுகள் நெடுநாள் சேகரிப்போர் பெட்டிகளில் கிடந்தன. 1990களில் அவை குறுந்தகடுகளாக மீண்டன. ஜெஃப்ரி டோசர், நிகலாய் தெமிதென்கோ, மார்க்-ஆந்த்ரே ஹாமலின் போன்ற பியானோ வல்லுநர்கள் அப்பத்தாண்டில் மெட்னரை மீண்டும் கையிலெடுத்தனர். இயற்றியவரே எப்படி வாசித்தார் என்று பார்க்க இவர்களுக்கெல்லாம் மைசூர்ப் பணத்தில் எழுந்த தட்டு ஒன்று இருந்தது.

அவர் காதுக்கென்றே பதிவான தட்டு வேறொன்றும் உண்டு. ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்டு ஷ்ட்ராவுஸ் 1949இல் மறைந்தபோது, பல்லியத்துடன் பாடுவதற்கென அவர் இறுதியாக இயற்றிய நான்கு பாடல்கள் அரங்கேறாமல் இருந்தன. 1950 மே 22ஆம் நாள் இலண்டன் ஆல்பர்ட் அரங்கில் ஃபூர்ட்வெங்லர் நடத்த, கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் அவற்றைப் பாடினார். உடன் வாசித்தது பில்ஹார்மோனியா. அந்நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் பிணைத்தொகை தந்தவர் உடையார். அவரால் இலண்டன் செல்ல முடியவில்லை. ஆகவே அன்றைய பாட்டைத் தட்டில் பிடித்து மைசூருக்கு அனுப்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. அவருடைய நூலகத்தில் அப்போது இருபதாயிரம் தட்டுகள் வரை இருந்தனவாம். அரங்கேற்றத்தின் அந்தப் பதிவு மென்தட்டுகளில் தேய்ந்த நிலையில் தப்பிப் பிழைத்தது. பின்னர் நீள்தட்டாகவும் வெளிவந்தது. ஊசி உரசும் இரைச்சலுக்கு அடியில் ஃபிளாக்ஸ்டாட்டின் குரல் இன்றும் கேட்கிறது.