மூன்றணாக் கணக்கு

இளம் அறிவியல் (வேதியியல்), இரண்டாம் ஆண்டு

தொண்டு செய்ய மனமிருந்தால் போதும், காசு தானே வந்து சேரும் என்று பெரியவர்கள் மேடைதோறும் சொல்லக் கேட்டிருக்கிறோம். காசு வந்து சேரத்தான் செய்கிறது. வந்த காசு எவ்வழியே போயிற்று என்று கேட்டபோது வாயடைத்து நின்றவர்களுள் ஒருவன் இதை எழுதுகிறேன். ஆகவே, இது சான்றோர் ஒருவரின் வரலாறாக இருந்தாலும் என் கதையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்தருள்க.

2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையை ஒட்டிப் போனபோது பெய்த மழையையும், கொசஸ்தலை ஆற்றில் வந்த வெள்ளத்தையும் மணலி புதுநகர்வாசிகள் மறக்கமாட்டார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர் வலைகள் கறுத்ததும் அந்த நாட்களில்தான். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுக் கன்டெய்னர் யார்டு ஒன்றில் எடுபிடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்; அந்தப் படிக்கு ஓராண்டு தாமதமாக வந்தேன். எங்கள் தெருப் பையன்கள் பதினோரு பேர் சேர்ந்து, இடுப்பளவுத் தண்ணீரில் பாலும் ரொட்டியும் மெழுகுவத்தியும் கொண்டுபோய்க் கொடுத்தோம். தெரிந்தவர்கள் பணம் அனுப்பினார்கள். எல்லாம் ஒரே நண்பனின் கைப்பேசிக்கு வந்தது. அவன்தான் எங்களுள் நம்பிக்கையானவன்.

தண்ணீர் வடிந்த பிறகு, இருநூறு ரூபாய் கொடுத்த அத்தை ஒருவர், சந்தேகத்தால் அல்ல, பேச்சுவாக்கில், எதற்கெல்லாம் செலவாயிற்று என்று கேட்டார். நண்பன் கைப்பேசியைத் திறந்தான். இன்ன தேதியில் இவ்வளவு போயிற்று என்று அதில் இருந்தது. எதற்காகப் போயிற்று என்று இல்லை. பாலுக்கா, எங்கள் பரோட்டாவுக்கா, ஷேர் ஆட்டோவுக்கா, எங்கள் பெயர் போட்டுக் கட்டிய ஃபிளெக்ஸ் பேனருக்கா? இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு எவருக்கும் விடை தெரியவில்லை. ஒரு வாரத்தில் பேச்சு தெருமுனைக்குப் போய், வேறு உருவத்தில் திரும்பி வந்தது. நண்பன் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால், தெரிந்திருப்பது வேறு, எடுத்துக் காட்டுவது வேறு அன்றோ!

கல்லூரிக்கு வந்தபின் வணிகவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ஐயா அவர்கள் சிரித்துவிட்டு, ஜே. சி. குமரப்பாவைப் படி என்றார். படித்தேன்.

தஞ்சையில் பிறந்த தணிக்கையாளர்

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது அவருடைய இளமைப் பெயர். 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். பிற்காலத்தில் செல்லத்துரை தம் பாட்டனாரின் பெயரான குமரப்பா என்பதையே தமக்கும் வைத்துக்கொண்டார். இலண்டன் சென்று கணக்கியல் பயின்று, தணிக்கையாளராகத் தேறி, 1919இல் நாடு திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். நல்ல வருமானம், மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கவழக்கம். 1927இல் அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் வணிக நிர்வாகமும் பொது நிதியும் படித்தார். அங்கேதான் அவருக்குக் கண் திறந்தது எனலாம். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்விக்கு அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கிலேயே விடை தேடினார். வெள்ளையர் ஆட்சி மக்களிடம் வாங்கும் வரியை எதற்குச் செலவிடுகிறது என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறர் மேடையில் முழங்கியதை இவர் கணக்குப் புத்தகத்தில் கண்டுபிடித்தார்.

அந்த ஆராய்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு 1929ஆம் ஆண்டு மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவர்தாம் காந்தி என்று முதலில் அவருக்குத் தெரியவில்லையாம். தெரிந்தபின் விலையுயர்ந்த கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். அன்று உட்கார்ந்தவர் மீண்டும் பம்பாய் நாற்காலிக்குத் திரும்பவில்லை. குஜராத்தில் மாதர் தாலுகாக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்தார். காந்தியடிகள் சிறையில் இருந்தபோது ‘யங் இந்தியா’ இதழைக் கவனித்தார். தாமும் சிறை சென்றார். இவற்றை விரைந்து கடந்து செல்கிறேன். நான் சொல்ல வந்தது பாட்னாவில் நடந்ததை.

பாட்னாவில் ஒரு தமிழர்

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பிற்பகல் பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர், முசாபர்பூர் முதலிய ஊர்கள் தரைமட்டமாயின. பல்லாயிரவர் மாண்டனர். சிறையிலிருந்து வெளிவந்த இராஜேந்திர பிரசாத் தலைமையில் பீகார் மத்திய நிவாரணக் குழு அமைந்தது. காந்தியடிகள் அப்போது அரிசனப் பயணமாகத் தென்னாட்டில் இருந்தார். இங்கிருந்தே பீகாருக்காகவும் கையேந்தினார். நாட்டின் நாற்றிசையிலிருந்தும் பணமும் பண்டமும் வந்து குவிந்தன. தொண்டர்களும் வந்து குவிந்தார்கள். அவற்றின் கணக்கைக் கவனிக்கத்தான் குமரப்பா பாட்னாவுக்கு அனுப்பப்பட்டார்.

தொண்டர் கூட்டம் என்றால் சாப்பாடு வேண்டும். போக வர வண்டி வேண்டும். இரவில் விளக்கு வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான செலவே. நியாயமான செலவுகள்தாம் நிதியைத் தின்னும். அநியாயமான செலவை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். குமரப்பா செய்த ஏற்பாடு மிக எளிமையானது. தொண்டர் ஒருவருக்கு உணவுக்காக நாளொன்றுக்கு மூன்றணா, அதற்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டினார். இன்றைய மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: ரூபாய்க்குப் பதினாறு அணா, மூன்றணா என்பது பத்தொன்பது காசுக்கும் குறைவு. அந்தக் காலத்து விலைவாசியிலும் அது விருந்துச் சாப்பாடு ஆகாது.

இதில் நான் கவனித்தது தொகையை அல்ல, அது முன்கூட்டியே முடிவாகியிருந்ததை. செலவான பிறகு இது கூடுமா கூடாதா என்று வாதாடுவது ஆளைப் பற்றிய வாதமாகிவிடும். செலவாகும் முன்பே வரம்பு கட்டிவிட்டால், பேச்சு தொகையைப் பற்றியதாக மட்டும் நிற்கும். எவர் மனமும் புண்படாது. எங்கள் பதினோரு பேருக்கும் ஒருநாள் தேநீருக்கு இவ்வளவு என்று முதல்நாளே பேசியிருந்தால் என் நண்பன் இன்றும் டீக்கடைக்கு வந்துகொண்டிருப்பான்.

வரம்பு கட்டுவது எளிது. பெரியவர்கள் வரும்போது அது நிற்குமா என்பதுதான் சோதனை. மார்ச் மாதத்தில் காந்தியடிகளே பாட்னாவுக்கு வந்தார். அவரோடு ஒரு குழுவும் வந்தது. காந்தியடிகளின் உணவு எளிமையானது என்று உலகம் சொல்லும். ஆனால் ஆட்டுப்பாலும் பழமும் பேரீச்சையும் மூன்றணாவுக்குள் அடங்கா. மோட்டார் வண்டிக்குப் பெட்ரோலும் வேண்டும். குமரப்பா தயங்கவில்லை. நிலநடுக்கத்தால் வீடிழந்தவர்களுக்கென்று மக்கள் கொடுத்த பணத்திலிருந்து காந்தியடிகளின் குழுவுக்குச் செலவழிக்கத் தம்மால் இயலாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று உடன் வந்தவர்களிடம் சொல்லிவிட்டார். செய்தி காந்தியடிகளின் காதுக்குப் போயிற்று. அவர் குமரப்பாவை அழைத்துக் காரணம் கேட்டார். கேட்டபின், தமது குழுவின் செலவில் எதையும் நிவாரண நிதியில் எழுதக்கூடாது என்று தம் ஆட்களுக்கே உத்தரவிட்டார்.

காந்தியடிகளுக்குக் கோபம் வராததில் வியப்பில்லை. 1894இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கியபோது, வாங்கிய ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுத்துக் கணக்கெழுதியவர் அவர். கையில் நிறையப் பணம் சேரும் வரை அச்சடித்த ரசீதுப் புத்தகம்கூட வேண்டாம் என்று சிக்கனம் பிடித்தவர். பொது நிறுவனம் பெரிய மூலதனத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதன் வட்டியில் வாழக்கூடாது. ஆண்டுதோறும் மக்களிடமே போய்க் கேட்டு வாழவேண்டும் என்பது அவர் கொள்கை. மக்கள் கொடுக்க மறுத்தால் அந்த நிறுவனம் வேண்டாததாகிவிட்டது என்று பொருள். ஆயினும், தாம் கற்பித்ததை ஒருவர் தம் மேலேயே திருப்பும்போது ஏற்றுக்கொள்வதற்குப் பெரிய மனம் வேண்டும்.

குமரப்பாவிடம் குறையே இல்லை என்று நான் எழுத மாட்டேன். அவர் கண்டிப்பானவர், முகத்துக்கு நேரே பேசுபவர், அதனால் பலரைச் சம்பாதித்துக்கொள்ளாமல் போனவர். மூன்றணாவில் எத்தனை தொண்டர்கள் பாதி வயிற்றோடு படுத்தார்களோ! தண்ணீரில் நாள் முழுதும் நின்றவனுக்கு ஒரு குவளை சூடான தேநீர் ஆடம்பரம் அன்று. இதை அனுபவித்துச் சொல்கிறேன். குறைவாகக் கட்டினாலும் கூடுதலாகக் கட்டினாலும், காந்தியடிகளுக்கும் கடைசித் தொண்டனுக்கும் ஒரே வரம்பு என்பதுதான் என்னைத் தொட்டது.

மகன்வாடியும் கல்லுப்பட்டியும்

அதே 1934ஆம் ஆண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த இடம் மகன்வாடி என்று பெயர் பெற்றது. பணத்தைக் கணக்காகச் செலவழிப்பது எப்படி என்பது பாட்னாவில் தெரிந்தது என்றால், பணமே தேவைப்படாமல் செய்வது எப்படி என்பது மகன்வாடியில் தெரிந்தது. சங்கத்துக்குக் காகிதம் வேண்டுமா? கடையில் வாங்காதே, கையால் செய். விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வேண்டுமா? உள்ளூரில் கிடைக்கும் தாவர எண்ணெயில் எரியும் விளக்கைக் கண்டுபிடி. ‘மகன் தீபம்’ என்ற அந்த விளக்கு அங்கே உருவானது. வேதியியல் மாணவன் என்ற முறையில் அந்த விளக்கின் மேல் எனக்குத் தனி ஆசை உண்டு. எண்ணெய் ஆலைகளின் தீச்சுடர் இரவெல்லாம் தெரியும் ஊரிலிருந்து வருகிறவன் நான்.

1942 போராட்டத்தை அடுத்துச் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். எடுக்க எடுக்க ஊறும் வளம், எடுத்தால் தீர்ந்துபோகும் வளம் என இயற்கை வளத்தை அவர் இரண்டாகப் பிரிப்பார். அவர் பேசியது காட்டையும் கனிமத்தையும் பற்றி. நானாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: தொண்டு நிறுவனத்தில் பணம் தீரும் வளம், ஆட்களின் உழைப்பும் அக்கம்பக்கத்தார் கொடுக்கும் பண்டமும் ஊறும் வளம். எங்களுக்கு ஷேர் ஆட்டோ வாடகைக்கு எடுத்தது நினைவிருக்கிறது. மூன்றாவது தெருவில் மீன்பாடி வண்டி சும்மா நின்றதை எவரும் கேட்டுப் பார்க்கவில்லை. கையில் பணம் இருந்ததால்தான் கேட்கத் தோன்றவில்லை.

விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பதவிகள் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. உடல்நலம் குன்றிய நாட்களில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்துக்கு வந்து ஒரு சிறு குடிலில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளாதவர். அக்குடிலில் கோவணம் கட்டிய ஏழை உழவர் ஒருவரின் படம் இருந்ததாம். காந்தியடிகள் தமக்கு ஆசான், இவர் அந்த ஆசானுக்கே ஆசான் என்று வந்தவர்களுக்கு விளக்குவாராம். மூன்றணாவுக்கு மேல் போன ஒவ்வோரணாவையும் அந்தப் படத்திலிருப்பவரிடம் கேட்டிருப்பார் போலும்.

1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், சென்னையில் குமரப்பா காலமானார்.

இதையெல்லாம் படித்து முடித்த வாரம், ஒரு நீள நோட்டை வாங்கிக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். முதலில் அவன் பேசவில்லை. அவன் அம்மா சுக்குக் காப்பி கொடுத்தார். பிறகு கைப்பேசியை அவன் திறந்தான், நான் எழுதினேன். பால் கடைக்காரரிடமும் ஆட்டோக்கார அண்ணனிடமும் கேட்டுக் கேட்டு மூன்று மாலைகளில் எழுதி முடித்தோம். கடைசியில் 410 ரூபாய் மிஞ்சியது. எதற்கென்று தெரியாதது என்றே அதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த பக்கத்தில் அடுத்த மழைக்கான வரம்பு: ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேநீர் மூன்று, பேனர் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு இருவருமாக அந்த அத்தை வீட்டுக்குப் போனோம். அவருக்குப் படிக்க வராது. வரி வரியாகப் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார். 410 ரூபாயைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. சோறாக்க நாங்கள் வாங்கிப் போன அவர் வீட்டு அலுமினிய அண்டா இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பண்டமாக வந்தவற்றுக்கு நோட்டில் ஒரு பக்கமே ஒதுக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அண்டாவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.