கர்தினால் நியூமனும் அவர் விட்டுவந்த சபையும்

பிறந்த மதத்தை விட்டு வேறு மதத்தைத் தழுவுவோர் எக்காலத்தும் எத்தேசத்தும் உளர். அவருட் பலர், தாம் புகுந்த வீட்டின் பெருமையை நிலைநாட்டும் பொருட்டு, பிறந்த வீட்டைத் தூற்றுதலையே தொழிலாகக் கொள்கின்றனர். நேற்றுவரை ஞானம் ஊட்டிய ஆசிரியரும், உடனிருந்து பிரார்த்தித்த நண்பரும் இன்று அவர் கண்ணுக்கு அறிவிலிகளாகவோ வஞ்சகராகவோ தோன்றுகின்றனர். இது மனித சுபாவத்திற்கு மிக எளிது. விட்டுவந்ததிலுள்ள பிழையைப் பிழையென்றும், அதனாற் பெற்ற நன்மையை நன்மையென்றும் நடுவுநிலை பிறழாது கூறுதலே அரிது. அவ்வரிய செயலைச் செய்து காட்டிய ஜான் ஹென்றி நியூமன் என்னும் ஆங்கிலப் பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

நியூமன் 1801-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 21-ந் தேதி லண்டன் மாநகரில் ஒரு பாங்கிக்காரரின் மூத்த மகனாகப் பிறந்தார். 1816-ம் வருஷத்தில் தந்தையாரின் பாங்கி முறிந்தது. குடும்பம் துயருற்றிருந்த அவ்வருஷத்திலேயே, பதினைந்து பிராயத்தினராகிய நியூமனின் உள்ளத்தில் தெய்வபக்தி வேரூன்றிற்று. வால்ட்டர் மேயர்ஸ் என்னும் ஆசிரியரின் போதனையும், தாமஸ் ஸ்காட் என்னும் புராடெஸ்டாண்டு போதகரின் நூல்களும் அதற்கு உரமாயின. அந்நாளிற் கற்ற வேத வியாக்கியானங்களால், ரோமாபுரிப் பாப்பரசரே வேதத்திற் சொல்லப்பட்ட அந்திக்கிறிஸ்து என்றும் அவர் உறுதியாக நம்பினார். ஒரே கிணற்றினின்று அமுதும் நஞ்சும் அவருக்குக் கிடைத்தன என்னலாம். பிற்காலத்தில் அவ்விரண்டையும் பிரித்தறிந்ததே அவர்தம் பெருமை.

1817-ல் ஆக்ஸ்போர்டு டிரினிட்டி கலாசாலையிற் சேர்ந்த அவர், 1822-ல் ஓரியல் கலாசாலையின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். பின்னர் ஆங்கிலிக்கன் சபையிற் குருப்பட்டம் பெற்று, 1828-ல் அந்நகரத்துப் பரிசுத்த மரியாள் ஆலயத்தின் குருவானார். அங்கு அவர் செய்த பிரசங்கங்களைக் கேட்கக் கல்லூரி மாணவர் திரள் திரளாகக் கூடினர். 1833-ல் ஜான் கீபிள் முதலிய நண்பருடன் கூடித் தம் சபையைப் பழைய அப்போஸ்தலர் மரபிற்குத் திருப்ப முயன்று, துண்டுப் பிரசுரங்கள் பலவற்றை வெளியிட்டார். புஸி என்னும் பேரறிஞரும் விரைவில் அவர்களுடன் சேர்ந்தார். தம் சபை ரோமைக்கும் மற்றைப் புராடெஸ்டாண்டு சபைகளுக்கும் இடைப்பட்ட நடுவழி என்பது அக்காலத்து நியூமனின் கொள்கை.

1839-ல் பூர்வ திருச்சபையின் சரித்திரத்தை ஆராயுங்கால் அவர் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் நடுவழி தேடியவர்கள் திருச்சபைக்குப் புறம்பாயினர். நாமும் அவர் நிலையிலன்றோ நிற்கின்றோம் என்பதே அவ்வையம். 1841-ல் அவர் வெளியிட்ட தொண்ணூறாம் பிரசுரம், ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது விதிகளுக்குக் கத்தோலிக்கக் கொள்கையோடு மாறுபடாதவாறு பொருள் கூறிற்று. கலாசாலைத் தலைவர்கள் அதனைக் கண்டித்தனர். அத்தியட்சர் பலரும் வெறுத்தனர். நியூமன் 1842-ல் லிட்டில்மோர் என்னும் சிற்றூரில் ஒதுங்கி வாழத் தலைப்பட்டார்.

இவ்விடத்து நேயர்கள் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ரோமைச் சபைக்கு விரோதமாகத் தாம் முன்பு எழுதிய கடுஞ்சொற்களை, அச்சபையிற் சேர்வதற்கு இரண்டு வருஷங்களுக்கு மேல் முன்னதாகவே, 1843-ல் அவர் பகிரங்கமாகத் திரும்பப் பெற்றார். அவ்வருஷம் செப்டம்பரில் ஆலய உத்தியோகத்தையும் துறந்தார். 1845-ம் வருஷம் அக்டோபர் மாதம் 9-ந் தேதி, டொமினிக் பார்பேரி என்னும் இத்தாலியத் துறவியாரால் கத்தோலிக்க சபையிற் சேர்க்கப்பட்டார்.

அதனால் அவர் இழந்தவை சிறிதல்ல. கலாசாலைப் பதவி போயிற்று. அருமைச் சகோதரியாகிய ஹாரியட் உறவு முறித்துக்கொண்டு, ஒன்றுகூடாமலே 1852-ல் மரித்தார். உயிரனைய ஆக்ஸ்போர்டை விட்டு 1846-ல் நீங்கியவர், முப்பத்திரண்டு வருஷங்கள் அந்நகரில் மீண்டும் அடியிடவில்லை.

ரோமாபுரியில் 1847-ல் குருப்பட்டம் பெற்ற அவர், மறுவருஷம் பர்மிங்காமில் ஆரட்டரி என்னும் குருமடத்தை ஸ்தாபித்தார். புதிதாக மாறியவருக்குரிய சூடு தொடக்கத்தில் அவர்பாலும் இருந்தது. 1850-ல் லண்டனிற் செய்த உபந்நியாசங்களில், ஆங்கிலிக்கன் சபை ராஜாங்கத்தின் சிருஷ்டியே என்று பழைய தோழருக்கு இடித்துரைத்தார். 1851-ல் புராடெஸ்டாண்டு ஜனங்களின் தப்பெண்ணங்களை நகைச்சுவை ததும்ப எள்ளினார். ஆகவே அவரது நடுவுநிலை பிறவியிலேயே வந்ததன்று. காலத்தாலும் துன்பத்தாலும் பழுத்ததாகும்.

1864-ம் வருஷத்தில் சார்ல்ஸ் கிங்ஸ்லி என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர், ரோமைக் குருமார் வாய்மையைப் போற்றுவோரல்லர் என்றும், நியூமனே அங்ஙனம் போதித்தார் என்றும் ஒரு பத்திரிகையிற் குற்றஞ்சாட்டினார். அதற்கு மறுமொழியாகவே நியூமன் தமது சமய வாழ்க்கையின் வரலாற்றை வாரந்தோறும் எழுதி வெளியிட்டார். பழைய மதத்தை நிந்தித்துப் பழிவாங்க அதனினும் நல்ல சமயம் வேறு வாய்த்திராது. அவரோ, தம் ஆன்மாவைக் காத்த நன்றிக்கடன் ஸ்காட் என்னும் புராடெஸ்டாண்டுக்கு உரியதென்று அந்நூலில் எழுதினார். கீபிள் முதலியோரிடத்துக் கற்றவற்றையும் பெயர் சுட்டிப் போற்றினார். ஆங்கிலிக்கன் சபை தெய்வ ஸ்தாபனமன்று என்பதில் அவர் சிறிதும் தளரவில்லை. எனினும் நாத்திகப் பேரலையைத் தடுக்கும் கற்கரைபோல் அஃது அத்தேசத்துக்கு உதவுவதாதலின், அதனை இடிக்கத் தாம் உடன்படேன் என்றார்.

நியூமனைப் போலவே சபை மாறி, பின்னாளிற் கர்தினாலான மானிங் என்பார், அதே வருஷத்தில் இதனை மறுத்தார். தனிமனிதரிடத்துக் கடவுளருள் உண்டென்று ஒப்புக்கொண்ட அவர், ஆங்கிலிக்கன் சபை அவநம்பிக்கைக்கு அரண் என்பதை மட்டும் ஏற்கவில்லை. ஒரே வாயில் வழியாக வெளிவந்த இருவர், விட்டுவந்த வீட்டை இருவேறு கண்கொண்டு நோக்கினர்.

1865-ல் கீபிளின் இல்லத்தில் நியூமன், கீபிள், புஸி ஆகிய மூவரும் பல்லாண்டுகளுக்குப் பின் ஒருங்கு கூடினர். மூவரும் முதியோர், கீபிள் மறுவருஷமே காலமானார். 1868 முதல், ஆங்கிலிக்கனாயிருந்து நியூமன் செய்த பிரசங்கங்கள் ஒரு பழைய ஆங்கிலிக்கன் நண்பரால் மீண்டும் பதிப்பிக்கப்பட்டன. 1877-ல் தமது நடுவழி நூலை மறுபதிப்புச் செய்தபோது, பிழையென்று தாம் கண்டவற்றை அழித்துவிடாது, மூலத்தை நிறுத்தி, மறுப்பைக் குறிப்பாகச் சேர்த்தார். தம் பழைய குரலைத் தாமே நெரிக்காத இச்செயல் நம்மாற் பெரிதும் மெச்சத்தக்கது.

டிரினிட்டி கலாசாலை அவரைக் கௌரவ அங்கத்தினராக்க, 1878-ல் அவர் ஆக்ஸ்போர்டுக்கு மீண்டார். 1879-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் என்னும் பாப்பரசர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். 1890-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி அவர் தேகவியோகமானார். 2019-ம் வருஷம் அக்டோபர் மாதம் 13-ந் தேதி கத்தோலிக்க சபை அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தது. அவர் விட்டு நீங்கிய இங்கிலாந்துத் திருச்சபையும் அவர் மரித்த தினத்தைத் தன் பஞ்சாங்கத்தில் நினைவு நாளாகக் குறித்துள்ளது. விட்டுப்போனவரைப் பிரிந்த சபையே நினைவுகூர்வது எளிதிற் கிட்டும் பேறன்று.

ஒரே குலத்தாருள்ளும் ஒரே குடும்பத்தாருள்ளும் வெவ்வேறு சமயத்தார் இருத்தல் உலகில் எங்கும் காணப்படுவதே. மனச்சாட்சி அழைக்கும் வழியிற் செல்வோரைத் தடுத்தல் தகாது. செல்வோரும் தமக்கு முதன்முதற் கடவுளின் நாமத்தைக் கற்பித்த நாவை மறத்தல் தகாது. உண்மையை நாடிப் போனவர் நன்றியை இழந்தாரானால், அவர் பெற்றதினும் இழந்ததே பெரிதாகும். போகும்போது கதவை அறைந்து சாத்தாத நியூமனின் சரிதம், போவோர்க்கும் இருப்போர்க்கும் ஒருங்கே நல்வழி காட்டுமென நாம் நம்புகின்றோம்.