பேசாத விஞ்ஞானி பால் டிராக்

எனக்குப் பிடிச்ச விஞ்ஞானி பால் டிராக். 1902-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். அப்பா பிரெஞ்சு வாத்தியார். சாப்பிடும்போது தன்னோடு பிரெஞ்சில் மட்டும்தான் பேசணும் என்பது அவர் கட்டளை. தப்பில்லாமல் பேச வராததால் டிராக் பேசாமலே இருந்து பழகிட்டாராம். பிறகு கேம்பிரிட்ஜில் கூட இருந்தவங்க, ஒரு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை பேசினால் அது ஒரு 'டிராக்' என்று அளவே வைத்துக் கேலி செய்தாங்க. என்னையும் வகுப்பில் ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவாங்க. அதனாலயே இவரைப் பற்றி எழுதுறேன்.

மின் பொறியியல் படிச்சும் வேலை கிடைக்கல. அதுக்கப்புறம்தான் கணிதம் படித்தார். 1928-ல் எலக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. அந்தக் காந்த பலத்தைச் சொல்லும் எண் 2 என்று சமன்பாட்டிலிருந்து தானாகவே வந்தது. அவர் அதை உள்ளே போடவே இல்லை! 1933-ல் நோபல் பரிசு. விளம்பரம் ஆயிடுமே என்று பயந்து வேண்டாம்னு சொல்ல நினைச்சார். மறுத்தால் இன்னும் விளம்பரம் ஆகும் என்று ரூதர்ஃபோர்டு சொன்னதும் வாங்கிக்கிட்டார்.

உண்மையில் அந்த எண் 2-க்குத் துளி மேல் என்று 1947-ல் அளந்து கண்டுபிடித்தார்கள். வெற்றிடத்தில் துகள்கள் தோன்றித் தோன்றி மறைவதால் அந்தத் துளி வருது. எலக்ட்ரானுக்கு அண்ணன் மாதிரி மியூவான் என்று ஒரு துகள் உண்டு, 207 மடங்கு கனம். தெரியாத கனமான துகள் எங்காவது ஒளிஞ்சிருந்தா அதன் பாதிப்பு எலக்ட்ரானை விட மியூவானில் சுமார் 40,000 மடங்கு தெரியும். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்பது சூப்பர் சிமெட்ரி என்ற கொள்கை. அந்த ஜோடிகள் ரொம்பக் கனமா இல்லைன்னா மியூவானின் எண் கணக்கை விட்டு விலகணும். 2021-ல் அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகம் அளந்தப்போ விலகித்தான் இருந்தது! ஜோடி மாட்டிக்கிச்சுன்னு பலர் சந்தோஷப்பட்டாங்க. 2025-ல் கடைசி முடிவு வந்தது: 2.00233184. அதே வருஷம் கணக்கையும் புது முறையில் போட்டதில் ரெண்டும் ஒத்துப் போச்சு. அதனால் லேசான ஜோடிகளைச் சொல்லும் பல மாதிரிகளுக்கு இடம் சுருங்கிப் போச்சு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

டிராக் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1984-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இறந்தார். 1995-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில், நியூட்டன் கல்லறைப் பக்கத்தில், அவருக்கு ஒரு கல் பதிச்சாங்க. அதில் அவர் பெயரோடு அந்தச் சமன்பாட்டையும் வெட்டியிருக்காங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி